மூன்றாம் ஓலை

நவம்பர் 28, வியாழன்

மத்தியானம் கேக்குக்கு முந்திரிப்பருப்பு உடைத்துக்கொண்டிருந்தபோது லில்லி மதினி வந்தார். காலமான என் கணவருடைய அக்கா. எழுபது வயதிலும் ஊர்ச்செய்தியை எல்லோருக்கும் முந்திக் கொண்டுவந்து சேர்ப்பதில் கெட்டி. இன்று மட்டும் காப்பியை முழுவதும் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. 

"ஏட்டி வயலட்டு, கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட கல்யாணமாம். இருபத்தெட்டாந்தேதி. அட்வெந்துலயே ஓலை வாசிச்சிருவாவளாம்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகள்.

ஓலை என்றால் எங்கள் சபைகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் சபைப் போதகரான ஐயர் அறிவிப்பை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைப் பார்த்துக் கேட்பார். யாராவது எழுந்து சொல்லிவிட்டால் விசாரணை முடியும்வரை கல்யாணம் நிற்கும். நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து ஓலை கேட்கிறேன். ஒருவரும் எழுந்ததில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"எந்தக் கோயில்ல?" என்றேன்.

"அது தெரியலை. பையன் வேற சபைன்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். அக்டோபரில் பெர்சிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தான் வேலை பார்க்கிற கல்லூரி விடுதிக்குப் போனபோது, கேட்டவர்களுக்கெல்லாம் "சபை வேற, ஒத்துவராது" என்றுதான் பதில் சொன்னேன். எந்தச் சபை என்று யாரும் கேட்கவில்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை. பையன் பெயர் நெகேமியா. அரசாங்க மாட்டு டாக்டர். அவன் அப்பா பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மதினி போன பிறகு முந்திரியைப் பார்த்தால் பாதி தூளாகிக் கிடந்தது.

நவம்பர் 30, சனி

முடிவு செய்துவிட்டேன். விடுதி வாசலில் போய் நின்று மன்றாட நான் ஆள் இல்லை. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓலை வாசிக்கும்போது எழுந்து நிற்பேன். அந்த உரிமையைச் சபையே தருகிறது.

நியாயமான தடையாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். அவளுக்கு வயது இருபத்தொன்பது. அம்மாவுக்குச் சம்மதமில்லை என்று சொன்னால் ஐயர் சிரிப்பார். யோசித்ததில் ஒன்று அகப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூர்க்காரர்கள் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பூ வைத்தார்கள், பழம் கொடுத்தார்கள், ஜெபமும் பண்ணினார்கள். பெர்சிஸ் மறுநாளே முடியாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஜெபம் பண்ணியது பண்ணியதுதானே. "இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருக்கிறது" என்று சொன்னால் அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. விசாரணை அது இது என்று தவக்காலம் வந்துவிடும். அதற்குள் அவளுக்குப் புத்தி தெளியும்.

எங்கள் கோயிலில் ஓலை வராது. அவள் போன அன்றே ஐயரிடம், "இனி அவ நம்ம சபை இல்ல, பேர அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு நானும் அங்கே போகவில்லை. போனால், "பிள்ளைய எங்க டீச்சர் காணல?" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே மற்றக் கோயில்கள்தான். பாளையங்கோட்டையில் கோயிலுக்கா பஞ்சம்.

கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 1, அட்வெந்து முதலாம் ஞாயிறு

கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறில் முதலாவது. லுத்தரன் கோயில். மிக்கேல் ஆட்டோவில் போனேன். மிக்கேல் கத்தோலிக்கன், வாய் ஓயாது. "என்ன டீச்சர், ஐயர் கூட சண்டையா? எங்க கோயிலுக்கு வாங்க, ஒரு மணி நேரத்துல பூசை முடிஞ்சிரும்" என்றான். ஒரு மாறுதலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் ஆராதனையில் ஐயர் பாதியை ராகம் போட்டுப் பாடுகிறார், சபையும் பாடிப் பதில் சொல்கிறது. நான் எழும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்கார்ந்தபோது மொத்தக் கோயிலும் எழுந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் பாவப்பட்டுத் தன் புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது. அறிவிப்புகளுக்கு ஐயர் கண்ணாடியை மாட்டியதுமே பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். முதலில் ஒரு ஜோடி வாசித்தார், எங்கள் பெயர் இல்லை. இன்னொரு ஜோடி, பெண் நாசரேத்துக்காரி. பிறகு கிறிஸ்மஸ் பஜனைக் குழு எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். முதல் நாளாயிற்றே, தொண்டை வேறு கட்டியிருந்தது, அதனால்தான்.

டிசம்பர் 4, புதன்

மதினி மதுரைக்குப் போய்விட்டார். மருமகளுக்குப் பேறுகாலம், பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். வீட்டுக்குள் பேசுவதற்கு மிக்சிதான் துணை.

பெர்சிஸ் அறையைத் தூசி தட்டினேன். எட்டுக்கால் பூச்சி வலை கட்டியிருந்தது, வேறு காரணமில்லை. மெத்தை உறையையும் மாற்றினேன்.

டிசம்பர் 8, அட்வெந்து இரண்டாம் ஞாயிறு

மிக்கேலுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் கோயிலுக்கு அவனே கூட்டிப்போய், "டீச்சரம்மா, முழங்கால் போடுத பலகைல காலை வச்சிராதிய" என்று புத்தி சொல்லி, பெண்கள் பக்கம் உட்காரவைத்துவிட்டுப் போனான். மெழுகுவர்த்தி வளையத்தில் இரண்டாவதை ஒரு கன்னியாஸ்திரீ ஏற்றினார். ஊதாவில் சாமியார் அங்கி. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது.

நான்கு வரிசைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதே ஒற்றைப் பின்னல். கழுத்தை இடது பக்கம் சாய்த்துக் கேட்கிற அதே சாய்வு. நீல முக்காடு, நான் வாங்கிக் கொடுத்ததில்லை.  நற்கருணைக்கு எல்லோரும் வரிசையாகப் போனார்கள். நமக்கு அங்கே வாங்க முறையில்லை, பெஞ்சில் நான் மட்டும் மொட்டை மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது கூட்டம் மறைத்துவிட்டது. எனக்கு ஒரே கோபம். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கத்தோலிக்கத்துக்கே போய்விட்டாளா?

முடிவில் திருமண அறிவிப்பு வாசித்தார்கள். இல்லை. சரி, இவர்களுக்கு ஓலைக் கணக்கு வேறாயிருக்கும், அடுத்த வாரம் வாசிப்பார்களாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளி அவள் பின்னாலேயே போனேன். மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் கையைப் பிடித்துவிட்டேன்.

யாரோ ஒரு பிள்ளை. பயந்துவிட்டது. "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டது.

ஆமாம் என்றேன். அது என்னைக் கெபி நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தது. யார் பெற்ற பிள்ளையோ, நல்ல வளர்ப்பு. திரும்பி வரும்போது மிக்கேல் பள்ளம் பார்த்து மெதுவாக ஆட்டோ ஓட்டினான். 

டிசம்பர் 11, புதன்

சாயங்காலம் எங்கள் ஐயர் வந்து வாசல்மணி அடித்தார். சின்ன வயசுக்காரர், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை.

"டீச்சர், ஒரு விஷயம் சொல்லணும். நேர்ல சொன்னாத்தான் நல்லது."

"தலைவலி ஐயர். பஜனைக் காணிக்கைன்னா அடுத்த வாரம் குடுத்து விடுதேன்."

"காணிக்கை இல்ல டீச்சர்…"

"ஜெபம் பண்ணிக்கிடுங்க" என்று சன்னலைச் சாத்தினேன். மனம் திரும்பு, மன்னித்துவிடு என்று சமாதானம் பேச வந்திருப்பார். என் மகள் வயசுக்காரர் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுத்தான் போனார்.

டிசம்பர் 13, வெள்ளி

பக்கத்து வீடுகளிலெல்லாம் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். ஏணியில் ஏறிக் கட்டுகிறவள் இங்கே இல்லை.

டிசம்பர் 15, அட்வெந்து மூன்றாம் ஞாயிறு

பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்வந்தேன். இனி ஜென்மத்துக்கும் போகமாட்டேன்.

மாடியில் பெரிய ஹால். பெண்களெல்லாம் வெள்ளைச் சேலை, ஒரு பொட்டு நகை இல்லை. நான் என் சங்கிலி, கம்மல், வளையலோடு நகைக்கடை விளம்பரம் மாதிரிப் போய் நின்றேன். ஒரு சகோதரி சிரித்த முகத்தோடு என் காதையே பார்த்தார். அட்வெந்தும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. இங்கே ஓலை வாசிப்பார்களா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறோடு நாள் முடிந்துவிடும், எந்தக் கல்லையும் புரட்டாமல் விடக்கூடாது என்று போனேன்.

இரண்டு மணி நேரம் கைதட்டிப் பாடியபிறகு பாஸ்டர் மைக்கில், "இன்னைக்குப் புதுசா வந்திருக்கிற அருமையான அம்மா ஒருத்தங்க இருக்காங்க, எழுந்திருங்கம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மைக்கைக் கொண்டுவந்து என் வாயருகில் நீட்டிவிட்டார்கள்.

"உங்க ஜெப விண்ணப்பம் என்னம்மா?"

பதினைந்து நாளாகப் பழகி வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அங்கே அதைச் சொல்ல முடியாதே. ஏதாவது சொல்லி உட்கார வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "என் மகள் வீட்டுக்கு வரணும்" என்று வந்துவிட்டது.

அவ்வளவுதான். ஹால் முழுவதும் கையை உயர்த்திச் சத்தம்போட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். காதைப் பார்த்த சகோதரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பெயர் தெரியாத என் மகளுக்காக அத்தனை பேர் அழுதார்கள். நான் அழவில்லை. மின்விசிறி நேராக என் முகத்துக்கு அடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

அங்கே ஓலை எதுவும் வாசிக்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மதினி நேற்று மதுரையிலிருந்து வந்து, நேராக எங்கள் கோயிலுக்குப் போயிருக்கிறார். இன்று விடிந்தும் விடியாமலும் இங்கே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏட்டி, நீ எங்கெல்லாம் சுத்திட்டுக் கெடக்க? நம்ம கோயில்லயே ரெண்டு ஓலை முடிஞ்சிட்டு!"

"யாருக்கு?"

"யாருக்கா? உம் மகளுக்குத்தான். போன வாரம் முதல் ஓலை. நேத்து ரெண்டாம் ஓலை, நான் இந்தக் காதால கேட்டேன். அவ நம்ம சபைல திடப்படுத்தல் எடுத்தவ, பேர அடிக்க முடியாதுன்னு ஐயர் சொல்லிட்டாராம். உங்கிட்டச் சொல்ல வந்தாராம், நீ சன்னலச் சாத்திட்டியாம்."

நான் எங்கெங்கோ சாமியார் வாயையும் பாஸ்டர் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு ஞாயிறும், என் சொந்தக் கோயிலில், என் பெஞ்ச் காலியாகக் கிடக்க, என் மகளுடைய ஓலையை வாசித்திருக்கிறார்கள். சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டிருக்கிறார்கள். வயலட் டீச்சர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டாள் என்றுதானே நினைத்திருப்பார்கள்? ஊரையே சுற்றினவள் தன் வாசலை மறந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

"என்ன வாசிச்சாரு? முழுசாச் சொல்லுங்க மதினி."

"வழக்கமா வாசிக்கதுதான்" என்று சொல்லிவிட்டு மதினி எழுந்துபோய் டம்ளரைக் கழுவினார். அவர் என் வீட்டில் டம்ளர் கழுவியதே கிடையாது.

கோபம் அடங்கவில்லை. நல்லது, மூன்றாம் ஓலை பாக்கி இருக்கிறது. ஒரு தடவை எழுந்தால் போதும்.

டிசம்பர் 17, செவ்வாய்

மிக்கேலிடம் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். மாட்டு டாக்டர் என்றதும் அரைநாளில் கண்டுபிடித்து வந்துவிட்டான்.

"பையனுக்கு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கோயில், டீச்சர். அங்கயும் இந்த ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலையாம்."

"அது என்ன சபை?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒங்க சபைதான் டீச்சர். அதே பிஷப்பு. அதே புஸ்தகம்."

எனக்குத் தெரியாதா? என் பள்ளிக்கூட மாடியில் நின்றால் அந்தக் கோபுரம் தெரியும். பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் முப்பது வருஷம் வேலைக்குப் போனேன். ஆனால் அந்தக் கோயில் அவர்களுக்கு, இந்தக் கோயில் நமக்கு என்று இருக்கிறது. யார் அப்படி வைத்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் அப்பா காலத்திலேயே அப்படித்தான். லுத்தரனைத் தேடினேன், கத்தோலிக்கரைத் தேடினேன், கம்மலோடு பெந்தெகொஸ்தே மாடி வரைக்கும் ஏறினேன். கேட்டைத் தாண்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

"சபை வேற" என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது. வேறென்ன சொல்வது என்று யோசித்தேன். சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக முடிவை மாற்றிக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

டிசம்பர் 18, புதன்

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

பெர்சிஸ் போன் பண்ணினாள். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.  விடுதியில் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"மாத்திரை போடுதியாம்மா?"

"ம்."

"அத்தை எல்லாம் சொன்னாவ. நீ கோயில் கோயிலாப் போனது…" மூச்சை இழுத்தாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை வராத. ஒன்னக் கெஞ்சிக் கேக்கேன். வந்தா நீ எந்திரிச்சிருவ. ஒன்ன எனக்குத் தெரியும். அத்தனை பேருக்கு முன்னால அவுக அப்பா அம்மாவ அவமானப்படுத்திராதம்மா. அவுக நல்ல மனுஷங்கம்மா."

அவுக. அவுக. மூன்று மாதத்தில் அவ்வளவு பாசம்.

"நான் எங்கயும் வரல" என்று வைத்துவிட்டேன்.

போய் அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். இந்தத் தடவை குரல் சரியாக வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத தொண்டை. ஆனால் சொல்லாவிட்டால் இருபத்தெட்டாம் தேதியோடு அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். பிறகு இந்த வீட்டில் நான் யாருக்கு அம்மா?

டிசம்பர் 21, சனி

மிக்கேலை எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கோயிலிலும் நாளைக்கு மூன்றாம் ஓலைதான். அங்கே எழுந்தாலும் தடை தடைதான். ஆனால் அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும், பிறகு ஒருவர் முகத்திலும் விழிக்க முடியாது. கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கோயிலில் என்னை யாருக்கும் தெரியாது. அதனால்தான் அங்கே போகிறேன். அவள் அங்கே இருப்பாள் என்பதற்காக இல்லை.

அரக்குக் கரை போட்ட பட்டுச்சேலையை எடுத்து வைத்தேன். சண்டைக்குப் போகிறவள் பட்டு கட்டுவாளா என்று தோன்றியது. கசங்காமல் இருந்தது அதுதான்.

டிசம்பர் 22, அட்வெந்து நான்காம் ஞாயிறு

மெதுவாக எழுதுகிறேன். எதையும் விட்டுவிடக்கூடாது.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை நின்றோம். "டீச்சர், திரும்பிப் போயிருவமா?" என்றான் மிக்கேல். ஓட்டுடா என்றேன்.

சின்னக் கோயில், புதுச் சுண்ணாம்பு வாடை. செருப்பைக் கழற்றி நிமிர்ந்தால் எதிரில் ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வயலட் டீச்சரா! நான் எமிலி, டீச்சர். எட்டாம் வகுப்பு பி. அல்ஜீப்ராவுக்கு ஒங்ககிட்ட வாங்காத அடியா!" அவள் கத்திய கத்தலில் இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். எல்லாம் பழைய முகங்கள், தடித்தும் நரைத்தும் இருந்தன. இந்தத் தெருப் பிள்ளைகளுக்குத்தானே முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது என்று எப்படி நினைத்தேனோ.

எமிலி என்னை இழுத்துக்கொண்டுபோய் நடுவில் ஒரு பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மெதுவாக, "கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டியளாக்கும் டீச்சர்?" என்றாள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

மூன்றாவது வரிசையில் பெர்சிஸ். இந்தத் தடவை பார்த்ததும் தெரிந்தது, மெலிந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு கட்டையான அம்மாள், சாயம் போன காட்டன் சேலை. அவன் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். பெர்சிஸ் முக்காடு நழுவியதும் அந்த அம்மாள் அதை இழுத்துச் சரிசெய்து, காதோரத்து முடியை உள்ளே தள்ளிவிட்டார். என் மகள் தலையை அசைக்காமல் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து எழுத இன்றைக்குத் தெம்பில்லை.

ஆராதனை தொடங்கியது. நான்கு வாரத்தில் முதல் தடவையாக எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால்படியிட வேண்டும் என்று யாரையும் பார்க்காமலே என் உடம்புக்குத் தெரிந்தது. அதே பாவ அறிக்கை. அதே இடத்தில் அதே ஆமென். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அறிவிப்பு வேளை வந்தது. வயதான ஐயர், தடித்த கண்ணாடி. தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பெர்சிஸ் சட்டென்று திரும்பிக் கோயிலை ஒரு சுற்றுப் பார்த்தாள். என்னைக் கண்டுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சின்னதாக, எனக்கு மட்டும்.

"சுடலைமுத்து யோசுவா, ராஜகனி தம்பதியரின் குமாரன் நெகேமியாவுக்கும், காலஞ்சென்ற ஜெபசிங்கின் குமாரத்தி பெர்சிஸுக்கும் பரிசுத்த விவாகம் செய்ய நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் ஓலை."

காலஞ்சென்ற ஜெபசிங்கின் குமாரத்தி. அடுத்து என் பெயர் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஐயர் தாண்டிப் போய்விட்டார். அப்படியானால் எங்கள் கோயிலிலும் இப்படித்தான் வாசித்திருக்கிறார்கள். மதினி டம்ளர் கழுவப் போனது இதற்குத்தான்.

"இவர்கள் இணைக்கப்படக் கூடாதபடி நியாயமான தடை ஏதேனும் உண்டென்று உங்களில் யாராவது அறிந்திருந்தால், இப்போது சொல்லக்கடவீர்கள்."

எழுந்தேன்.

பாட்டுப் புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் உயரமாக ஒரு பையன் பாதி எழுந்து நின்றான். அந்த அம்மாள் பெர்சிஸ் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தடை இருக்கு" என்றேன். கோயம்புத்தூர்க் கதை நினைவுக்கே வரவில்லை.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்கம்மா. நீங்க யாரு?"

"அதத்தான் சொல்லுதேன். நான் யாருன்னு உங்க ஓலைல இல்ல. பிள்ளைக்கு அப்பா இல்ல, சரி. அம்மா உயிரோடதான இருக்கா? பெத்தவ பேர விட்டுட்டு எப்படி வாசிக்கிய?"

ஐயர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் பெர்சிஸிடமிருந்து வந்தது. எழுந்து நின்றுவிட்டாள். 

"நீதானம்மா சொன்ன? 'உங் கல்யாணத்துல எம் பேரு ஒரு எடத்துலயும் வரக் கூடாது'ன்னு வாசல்ல நின்னு சொன்ன. நீ சொன்னபடிதான குடுத்தேன்!"

சொல்லியிருக்கிறேன். இந்த டைரியில் அதை நான் எழுதவில்லை.

"சொன்னேன்" என்றேன். "அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கு வரணும்ங்கேன்."

 ஐயர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ… பேரு சேத்துட்டா தடை இல்லையாம்மா?"

"இல்ல."

"முழுப் பேரு?"

"வயலட் ஞானம்மாள்."

ஐயர் சட்டைப்பையில் பேனாவைத் தேடி, தாளில் எழுதிக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். முதலிலிருந்து வாசித்தார். அவர் அதை வேகமாக வாசித்துவிடக் கூடாதே என்று எனக்கு இருந்தது. நிதானமாகத்தான் வாசித்தார். காலஞ்சென்ற ஜெபசிங், வயலட் ஞானம்மாள் தம்பதியரின் குமாரத்தி பெர்சிஸ். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள், ராஜகனி, அவளை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நியாயமான தடை ஏதேனும் உண்டென்று உங்களில் யாராவது அறிந்திருந்தால்…" ஐயர் வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே கேட்டார்.

எமிலி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க டீச்சர். நீங்க நின்னா தடைன்னுல்லா அர்த்தம்."

உட்கார்ந்தேன்.